புரதத்தின் மடிப்பைக் கணக்கிட்டவர்: ஜி. என். இராமச்சந்திரன்

மாணவர்களே, விஞ்ஞான பாடத்தில் புரதத்தை இனங்காணும் பையூரெற் சோதனையை நீங்கள் செய்து பார்த்திருப்பீர்கள். முட்டை வெண்கருக் கரைசலுடன் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலையும் சில துளி செப்புச் சல்பேற்றுக் கரைசலையும் சேர்க்கும்போது ஊதா நிறம் தோன்றும். அமினோ அமிலங்களை ஒன்றுடனொன்று தொடுக்கும் பெப்ரைட்டுப் பிணைப்புகளே அந்நிறத்துக்குக் காரணம். அப்பிணைப்புகளால் ஆன சங்கிலி எவ்வாறெல்லாம் வளையலாம், எவ்வாறு வளைய முடியாது என்பதைக் கணக்கிட்டுக் காட்டியவர் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த பௌதிகவியலாளர் ஜி. என். இராமச்சந்திரன் ஆவார். அவர் மருத்துவர் அல்லர். தடுப்பூசி எதனையும் தயாரித்தவரும் அல்லர். எனினும், ஒரு வைரசின் புரதத்தில் எவ்விடத்தை நமது உடலின் பிறபொருளெதிரி பற்றிக்கொள்ளும் என்று முன்கூட்டியே கணிக்க முயலும் இன்றைய விஞ்ஞானிகள் அவரது வரைபடத்தைத் தவிர்த்துச் செல்ல முடியாது. இது பாடத்திட்டத்துக்குச் சற்று அப்பாற்பட்ட விடயமே. ஆயினும் புரதம், நொதியம், நிர்ப்பீடனம் ஆகியவற்றை வெவ்வேறு பாடங்களாக மனனம் செய்பவர்கள், அவை ஒன்றோடொன்று தொடர்புபடுவதை இவரது வாழ்க்கையில் காணலாம்.

பிறப்பும் கல்வியும்

கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் திகதி அன்றைய கொச்சி சமஸ்தானத்தின் எர்ணாகுளத்தில் பிறந்தார். பெயரின் முதலிலுள்ள கோபாலசமுத்திரம் திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்த ஊராகும். தந்தையார் நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்து பின்னர் அதன் அதிபரானவர். மகனின் கணித ஆற்றலுக்கு வீட்டிலேயே அடித்தளம் இடப்பட்டது.

1939இல் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் சேர்ந்து பௌதிகவியலில் சிறப்புப் பட்டம் பயின்று, 1942இல் சென்னை மாகாணத்திலேயே முதலிடம் பெற்றுச் சித்தியடைந்தார். அதே ஆண்டில் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான நிறுவகத்தில் மின் பொறியியல் கற்கச் சேர்ந்தார். அங்கே பௌதிகவியல் துறையில் இருந்தவர், 1930இல் நோபல் பரிசு பெற்ற சேர் சி. வி. இராமன். இளைஞரின் மனம் பௌதிகவியலிலேயே இருப்பதைக் கண்ட இராமன் அவரைத் தமது துறைக்கு மாற்றிக்கொண்டார். பளிங்குகளில் ஒளியும் எக்ஸ் கதிரும் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதே இராமச்சந்திரனின் முதல் ஆய்வுத்துறையாயிற்று. 1947இல் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜின் கவெண்டிஷ் ஆய்வுகூடத்தில் வூஸ்ரர் என்பவரின் கீழ் ஆராய்ந்து 1949இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அங்கே அமெரிக்க இரசாயனவியலாளர் லைனஸ் போலிங்கின் விரிவுரைகளைக் கேட்டமை அவரது கவனத்தைப் பெரிய உயிரியல் மூலக்கூறுகளின்பால் திருப்பியது.

நாடு திரும்பிச் சில ஆண்டுகள் பெங்களூரில் கற்பித்த பின், 1952இல் சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையின் தலைவரானார். அப்போது வயது ஏறத்தாழ முப்பது. இராமனின் பரிந்துரையை ஏற்று அந்நியமனத்தை வழங்கியவர் துணைவேந்தர் இலட்சுமணசுவாமி முதலியார்.

கொலாஜனும் ஒரு கண்டனமும்

புதிய துறைத்தலைவருக்கு என்ன ஆராய்வது என்ற கேள்வி இருந்தது. அக்காலத்தில் சென்னைக்கு வந்த பிரித்தானிய விஞ்ஞானி பேர்னல், கொலாஜன் என்னும் புரதத்தின் கட்டமைப்பு இன்னும் திருப்தியாக அறியப்படவில்லை என்று அவரிடம் குறிப்பிட்டார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதியளிக்கும் நார்ப்புரதமே கொலாஜன். முலையூட்டிகளின் உடலில் மிகுதியாகக் காணப்படும் புரதமும் அதுவே. சென்னையின் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அருகிலேயே இருந்தது வாய்ப்பாயிற்று. கங்காருவின் வாலிலுள்ள தசைநாணிலிருந்து பெற்ற கொலாஜனின் எக்ஸ் கதிர்ப் படங்களை வைத்துக்கொண்டு, இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் ஒரு மாதிரியுருவை வெளியிட்டனர். கொலாஜன் மூன்று சங்கிலிகளைக் கொண்டது என்பது அதன் சாரம். 1955இல் அதைத் திருத்தி, மூன்றும் கயிற்றின் புரிகள் போல ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருப்பதாகக் காட்டினர்.

உடனேயே எதிர்ப்பும் வந்தது. டி. என். ஏ.யின் கட்டமைப்பைக் கண்டறிந்தோரில் ஒருவரான கிறிக்கும் அலெக்சாந்தர் றிச்சும் மூன்று புரிகள் என்ற கருத்தை ஏற்றனர். ஆனால் சென்னை மாதிரியுருவில் சில அணுக்கள் இயற்கை அனுமதிக்காத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்று கண்டித்தனர். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஐதரசன் பிணைப்புகள் என்ற சென்னைக் கணக்கையும் மறுத்து, ஒன்றே உண்டு என்றனர். பிற்கால ஆய்வுகள் அந்த ஐதரசன் பிணைப்பு விடயத்தில் பெரும்பாலும் அவர்கள் பக்கமே நின்றன. முப்புரி என்ற அடிப்படை மட்டும் சென்னையினுடையதாகவே நிலைத்தது.

இவ்விடத்தில்தான் இராமச்சந்திரனின் தனித்தன்மை வெளிப்படுகிறது. கண்டனம் அவரை மிகவும் பாதித்தது. அவர் விமரிசனங்களை இலேசாக எடுத்துக்கொள்ளும் சுபாவமுடையவர் அல்லர். ஆனால் பதிலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காமல், கண்டனத்துக்குள்ளேயே ஒளிந்திருந்த வினாவை அவர் எடுத்துக்கொண்டார். அணுக்கள் மிக நெருங்கிவிட்டன என்றால், எவ்வளவு நெருங்கலாம்? அதனை நிர்ணயித்தவர் யார்? அக்காலத்தில் அதற்குத் திட்டவட்டமான விடை இருக்கவில்லை. எனவே கட்டமைப்பு அறியப்பட்டிருந்த சிறிய மூலக்கூறுகளின் பளிங்குத் தரவுகளையெல்லாம் அவரது குழுவினர் திரட்டினர். காபன், நைதரசன், ஒட்சிசன், ஐதரசன் அணுக்கள் சோடி சோடியாக ஒன்றையொன்று எவ்வளவு தூரம்வரை அணுகுகின்றன என்று அட்டவணைப்படுத்தினர்.

இராமச்சந்திரன் வரைபடம்

அடுத்த படியை விளங்கிக்கொள்ள நமது மலைநாட்டுப் புகையிரதத்தை எண்ணிப் பாருங்கள். தலவாக்கலையைக் கடந்து வளைவுகளில் ஏறும்போது புகையிரதம் முழுவதும் பாம்புபோல் வளைவதாகத் தோன்றும். உண்மையில் பெட்டி எதுவும் வளைவதில்லை. பெட்டிகள் கொளுவப்பட்ட இடங்களில் மட்டுமே திருப்பம் நிகழ்கிறது. புரதச் சங்கிலியும் அத்தகையதே. பெப்ரைட்டுப் பிணைப்பும் அதனைச் சூழ்ந்த அணுக்களும் ஒரே தளத்தில் அமைந்த விறைப்பான பெட்டி. இரு பெட்டிகளைக் கொளுவும் இடத்தில் ஒரு காபன் அணு இருக்கிறது. அதன் இரு பக்கத்துப் பிணைப்புகளையும் அச்சாகக் கொண்டு பெட்டிகள் சுழலலாம். அச்சுழற்சிக் கோணங்கள் இரண்டுக்கும் ஃபை, சை என்ற கிரேக்க எழுத்துகள் பெயராக வழங்குகின்றன.

ஆகவே எத்தனை பெரிய புரதமானாலும், ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் இரண்டு கோணங்களைச் சொல்லிவிட்டால் சங்கிலியின் முதுகெலும்பு எவ்வழியே செல்கிறது என்பதைச் சொல்லிவிடலாம். கோணம் ஒவ்வொன்றும் மறை 180 பாகை தொடக்கம் நேர் 180 பாகை வரை மாறலாம். இராமச்சந்திரனும் அவரது சகாக்களான சி. இராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் கிடையச்சில் ஃபையையும் நிலைக்குத்தச்சில் சையையும் குறித்தனர். ஒவ்வொரு கோணச் சோடிக்கும் அணுக்கள் எங்கெங்கே வந்து நிற்கும், எவையேனும் ஒன்றையொன்று முட்டுமா என்று பார்த்தனர். இன்றுபோல் கணினி வசதி இல்லாத அக்காலத்தில் மேசைக் கணிப்பான்களைக் கொண்டே பெருமளவு வேலை செய்யப்பட்டது. முடிவு 1963இல் வெளிவந்தது.

வரைபடத்தைப் பார்த்தவர்கள் வியந்த விடயம் அதிலிருந்த வெற்றிடமே. சாதாரண அமினோ அமிலமொன்றுக்கு அப்பரப்பின் ஏறத்தாழ முக்கால் பங்கு தடைசெய்யப்பட்ட பகுதி. அங்கே அணுக்கள் முட்டிக்கொள்ளும். அனுமதிக்கப்பட்டவை சில சிறு தீவுகள் மட்டுமே. போலிங்கின் குழுவினர் 1951இல் கூறிய அல்பாச் சுருள் ஒரு தீவில் விழுந்தது. பீற்றாத் தாள் இன்னொன்றில் விழுந்தது. கொலாஜனின் சங்கிலியும் அனுமதிக்கப்பட்ட பகுதியிலேயே இடம்பெற்றது. அக்காலத்தில் கென்றூ என்பவர் மயோகுளோபின் என்னும் தசைப்புரதத்தின் முப்பரிமாணக் கட்டமைப்பை எக்ஸ் கதிர் மூலம் கண்டறிந்து 1962இல் நோபல் பரிசு பெற்றிருந்தார். அப்புரதத்தின் கோணங்களைக் குறித்துப் பார்த்தபோது அவையும் பெரும்பாலும் அத்தீவுகளிலேயே விழுந்தன.

இரண்டு அமினோ அமிலங்கள் விதிவிலக்கானவை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் தேவைப்படும். கிளைசீனின் பக்கக்கூட்டம் வெறும் ஐதரசன் அணு. முட்டுவதற்குப் பெரிதாக எதுவும் இல்லாததால் அது மிகுந்த சுதந்திரமுடையது. புரோலீனின் பக்கக்கூட்டமோ வளையமாகத் திரும்பிவந்து முதுகெலும்பிலேயே பிணைந்திருக்கிறது. அதனால் அதன் ஃபைக் கோணம் ஏறத்தாழ ஒரே அளவில் பூட்டப்பட்டுள்ளது.

வடிவத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று சிலர் கேட்கலாம். தேயிலைத் தொழிற்சாலைக்குச் சென்றவர்களுக்கு விடை தெரியும். வாட்டிய கொழுந்தை உருட்டும்போது கலங்கள் உடைந்து, இலையிலுள்ள நொதியம் பொலிபீனோல்களை ஒட்சியேற்றுகிறது. பச்சைக் கொழுந்து செம்பு நிறமாவது அதனால்தான். பின்னர் உலர்த்தியில் சூடேற்றியதும் அம்மாற்றம் நின்றுவிடுகிறது. வெப்பத்தால் நொதியத்தின் அமினோ அமிலங்கள் எவையும் இழக்கப்படுவதில்லை. சங்கிலி அப்படியே இருக்கிறது. மடிப்பு மட்டுமே குலைகிறது. மடிப்புக் குலைந்த நொதியம் வேலை செய்வதில்லை.

பெங்களூரில் பிற்காலம்

1970இல் இராமச்சந்திரன் சென்னையை விட்டு மீண்டும் பெங்களூர் சென்று, இந்திய விஞ்ஞான நிறுவகத்தில் மூலக்கூற்று உயிர்ப்பௌதிகப் பிரிவை உருவாக்கினார். 1971இல் ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, பல திசைகளிலிருந்து எடுத்த நிழற்படங்களைக் கொண்டு ஒரு பொருளின் உட்புறத்தை மீளமைக்கும் கணித முறையொன்றை வெளியிட்டார். வைத்தியசாலைகளின் சி. ரி. ஸ்கான் இயந்திரங்களில் பயன்பட்ட கணிப்பு முறைகளுள் அதற்கும் இடமுண்டு. ஒரு மனிதருக்கு இதுவே போதிய புகழைத் தந்திருக்கும். 1977இல் இலண்டன் ரோயல் சங்கத்தின் உறுப்பினராகத் தெரிவானார். நோபல் பரிசு கிடைக்கவில்லை. அது கிடைத்திருக்க வேண்டும் என்பது பலரது கருத்து. இந்நூலாசிரியரின் கருத்தும் அதுவே.

இசையிலும் இந்தியத் தத்துவ அளவையியலிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. அளவையியலைக் கணித வடிவில் எழுதும் முயற்சியில் பிற்காலத்தைச் செலவிட்டார்.

பிறபொருளெதிரி எவ்விடத்தைப் பற்றும்?

பெங்களூரில் இராமச்சந்திரனுடன் பணியாற்றிய இளைஞர்களுள் ஒருவர் ஏ. எஸ். கோலாஸ்கர். பெப்ரைட்டு அலகின் சராசரி அளவுகளைப் பளிங்குத் தரவுகளிலிருந்து கணித்து 1974இல் வெளியான கட்டுரையில் இருவரது பெயரும் உண்டு. பின்னர் புனே பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கோலாஸ்கர் எடுத்துக்கொண்ட வினா நிர்ப்பீடனம் பற்றியது.

நோய்க்கிருமியின் புரதம் போன்ற அந்நியப் பொருள் உடலினுள் புகுந்தால், அதனைப் பற்றக்கூடிய பிறபொருளெதிரிகள் உருவாகும் என்று படித்திருப்பீர்கள். அந்நியப் பொருளைப் பிறபொருளெதிரியாக்கி என்கிறோம். ஆனால் பிறபொருளெதிரி முழுப் புரதத்தையும் அணைத்துக்கொள்வதில்லை. அதன் மேற்பரப்பிலுள்ள ஒரு சிறு பகுதியை மட்டுமே பற்றுகிறது. அப்பகுதி எது என்று தெரிந்தால், முழுக் கிருமியையும் செலுத்தாமல் தேவையான பகுதியை மட்டும் கொண்டு தடுப்பூசி தயாரிக்க முயலலாம். நோயைக் கண்டறியும் சோதனைப் பொருள்களையும் அமைக்கலாம். நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்களைக் கொண்ட புரதத்தில் அவ்விடத்தை ஆய்வுகூடத்தில் தேடுவது பல்லாண்டு வேலை. கென்றூவின் அதே மயோகுளோபினில் 153 அமினோ அமிலங்களே உள்ளன. அதிலே ஐந்து இடங்கள் உண்டென்ற அறிவிப்பு, நீண்டகால உழைப்பின் பின் 1975இலேயே வெளிவந்தது.

எனவே கணிப்பு முறைகளை நாடினர். 1981இல் அமெரிக்காவின் ஹொப், வூட்ஸ் ஆகிய இருவரும் எளிய வழியொன்றைக் கூறினர். புரதத்தின் நீர் விரும்பும் அமினோ அமிலங்கள் வெளிப்புறமாக நிற்கும். ஆகவே அத்தகையவை செறிந்த இடமே பற்றப்படும் இடமாக இருக்கலாம். ஈரலழற்சி பி வைரசின் மேற்பரப்புப் புரதத்துக்கும் இம்முறையைப் பிரயோகித்தனர். 1990இல் கோலாஸ்கரும் தொங்காவ்கரும் 34 புரதங்களில் பரிசோதனையால் அறியப்பட்டிருந்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இடங்களை ஆராய்ந்தனர். நீரை வெறுக்கும் சிஸ்ரைன், லியூசீன், வலீன் ஆகியவை புரதத்தின் வெளிப்புறத்தில் அமைந்துவிட்டால், பிறபொருளெதிரி பற்றும் இடத்தில் இடம்பெறும் வாய்ப்பு அவற்றுக்கு அதிகம் என்று கண்டனர். நீர் விரும்புபவற்றை மட்டும் தேடியவர்கள் எதிர்பாராத முடிவு இது. அவர்களது முறை ஏறத்தாழ 75 சதவீதம் சரியாகக் கணித்தது.

எனினும் இவையெல்லாம் சங்கிலியை நீட்டிவைத்து வாசிக்கும் முறைகள். தெமோதரையில் புகையிரதப் பாதை வளைந்து சென்று தனக்குக் கீழாகவே கடந்து போகிறது. பாதை வழியே நடந்தால் அவ்விரு இடங்களும் தூரம். ஆனால் ஒன்றின் நேர்கீழே மற்றது. மடிந்த புரதத்திலும் அவ்வாறே, சங்கிலியில் 20ஆம் இடத்திலுள்ள அமினோ அமிலமும் 150ஆம் இடத்திலுள்ளதும் அருகருகே வந்து ஒரே மேடையாகலாம். பிறபொருளெதிரிகள் பற்றும் இடங்களிற் பெரும்பாலானவை இத்தகைய தொடர்ச்சியற்ற இடங்களே. அவற்றைக் கணிக்க அமினோ அமிலங்களின் வரிசை மட்டும் போதாது. முப்பரிமாணக் கட்டமைப்பு வேண்டும்.

கட்டமைப்பு கையில் கிடைத்தாலும், அது நம்பத்தக்கதா என்று முதலில் பார்க்க வேண்டும். அங்கேதான் 1963ஆம் ஆண்டின் வரைபடம் மீண்டும் வருகிறது. ஆய்வுகூடத்திலே கண்டறிந்ததாயினும் கணினியிலே அமைத்ததாயினும், ஒரு புரதக் கட்டமைப்பின் ஃபை, சை கோணங்களை இராமச்சந்திரன் வரைபடத்தில் குறித்துப் பார்ப்பது உலகெங்கும் வழக்கம். புள்ளிகள் பல தடைப்பகுதியில் விழுந்தால் அக்கட்டமைப்பில் எங்கோ தவறு இருக்கிறது. தவறான மடிப்பின் மீது கணித்த இடத்தை எந்தப் பிறபொருளெதிரியும் தேடி வராது.

1999இல் கோலாஸ்கரும் ஊர்மிளா குல்கர்னி காலேயும் யப்பானிய மூளையழற்சி வைரசின் உறைப் புரதத்துக்கு அத்தகைய முப்பரிமாண மாதிரியுருவைக் கணித்து, அதில் பிறபொருளெதிரி பற்றக்கூடிய தொடர்ச்சியற்ற இடங்களையும் குறித்துக் காட்டினர். நுளம்பினால் பரவும் இந்நோய் நமக்குப் புதியதன்று. 1985 தொடக்கம் அநுராதபுரம் முதலிய பகுதிகளில் உயிர்களைப் பலிகொண்டது. 1988இல் இலங்கையில் அதற்கெதிரான தடுப்பூசித் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது.

அதே 1999இல் சர்வதேசப் பளிங்கியல் ஒன்றியம் தனது உயர் விருதான எவால்ட் பரிசை இராமச்சந்திரனுக்கு வழங்கியது. அதற்கு முந்திய ஆண்டில் அவரது மனைவி இராஜலட்சுமி காலமாகியிருந்தார். அவரும் பார்க்கின்சன் நோயால் தளர்ந்திருந்தார். 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் திகதி சென்னையில் அவர் காலமானார். நான்கு ஆண்டுகளின் பின், 2005இல், புனேக் குழுவினர் தொடர்ச்சியற்ற இடங்களைக் கணிக்கும் தமது முறையை இணையத்தின் வழியே எவரும் பயன்படுத்தத்தக்கதாக வெளியிட்டனர்.

புரோலீனை நினைவில் வைக்கச் சொன்ன காரணம் இனி வருகிறது. கொவிட்-19 வைரசின் கூர்முனைப் புரதம் கலத்தினுள் நுழையும்போது வடிவம் மாறிவிடும். மாறிய வடிவத்துக்கு எதிராக உருவாகும் பிறபொருளெதிரிகளால் அதிக பயன் இல்லை. நுழைவதற்கு முன்னுள்ள வடிவத்திலேயே அதனை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. 2021இல் இலங்கையில் ஏற்றப்பட்டவற்றுள் அடங்கிய பைசர், மொடேனா தடுப்பூசிகளில் இதற்கென இரண்டு அமினோ அமிலங்கள் மாற்றப்பட்டிருந்தன. சங்கிலியின் 986ஆம் இடத்திலிருந்த லைசீனும் 987ஆம் இடத்திலிருந்த வலீனும் நீக்கப்பட்டு, ஃபைக் கோணம் பூட்டப்பட்ட புரோலீன் இரண்டு அவ்விடங்களில் வைக்கப்பட்டன.